கடைமடை வாசகர்கள்

காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவிலிருந்து கிழக்கே போனால் கடல். மேற்கே போனால் சாலை, தென்னந்தோப்பு, அதற்கப்பால் வயல். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வயலைப் பற்றித் தெரிந்தது எல்லாம் ஒரு பள்ளித் தோழன் வழியாகத்தான். அவன் அப்பாவுக்கு ஐந்து மா நிலம் இருந்தது. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். மழைக்காலம் முடிந்து கதிர் முற்றும்போது நாங்கள் அந்த வரப்பில் உட்கார்ந்து அரட்டை அடித்திருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பக்கம் என்னென்ன போனது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பலர் எழுதிவிட்டார்கள். அவன் அப்பாவின் வயலில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கடல்நீர் ஆற்று முகத்துவாரம் வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் ஏறி, அறுவடைக்கு நின்ற சம்பாவை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்ததும் கருஞ்சேறு படிந்திருந்தது. கொஞ்ச நாளில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. அடுத்த போகம் முளைக்கவே இல்லை. யாரோ ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டார். இன்னொருவர் ஆழ உழச் சொன்னார், ஈரத்தோடு உழுதார். 2006ல் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். உப்புத் தண்ணீர் மறுபடியும் உள்ளே வந்தது, இந்த முறை மோட்டார் வைத்து.

அந்தத் தோழன் பின்னாளில் வேளாண்மை படித்து மண்ணியல் ஆய்வாளன் ஆனான். நான் பொறியியல் படித்து மென்பொருள் எழுதப் போனேன். சில ஆண்டுகளுக்கு முன், கஜா புயல் வந்துபோன சமயம், அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு சுட்டி வந்தது. கீழே ஒரே வரி: “மாப்ள, இந்தப் பேப்பர் ஒன்னால எடுக்க முடியுமா?”

முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் இருக்கும் நிறுவனத்துக்குச் சந்தா இருக்கிறது, நூலகம் இருக்கிறது, நூலகரும் இருக்கிறார். எனக்கு இருப்பது ஒரு மடிக்கணினி மட்டும். அவன் ஏன் என்னைக் கேட்கிறான்? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது நூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது.

அட்டைகளிலிருந்து சர்வர் வரை

வேளாண் ஆய்வில் தேடல் என்பது பூச்சியிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். பிரிட்டிஷ் பேரரசு தன் காலனிகளின் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி உலகில் வெளியாகும் எல்லாவற்றையும் சுருக்கி அச்சிட 1913ல் ஒரு சுருக்க இதழைத் தொடங்கியது. பீகாரில் புசாவில் 1905ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்கும், கோவை வேளாண் கல்லூரிக்கும் இத்தகைய சுருக்கங்கள்தான் வெளியுலகத்துக்கான சன்னல். லண்டனில் ஒருவர் படித்து நான்கு வரி எழுதுவார், அது கப்பலில் வரும், கோவையில் ஒருவர் அதைப் படித்துவிட்டு மூலக் கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதுவார், அதுவும் கப்பலில் போகும். புசா நிலையம் 1934 பூகம்பத்தில் இடிந்து, 1936ல் டெல்லிக்கு மாறியது. ஊர் பெயரையும் கூடவே கொண்டுபோனதால் டெல்லி வளாகத்தை இன்றும் புசா என்றே சொல்கிறார்கள்.

1970களில் இந்தச் சுருக்கங்கள் கணினிக்கு ஏறின. அமெரிக்காவின் தேசிய வேளாண் நூலகம் 1970ல் அக்ரிகோலாவைத் தொடங்கியது. பிரிட்டிஷ் சுருக்க இதழ்கள் 1973 முதல் காப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற தரவுத்தளமாயின. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் (எஃப்.ஏ.ஓ.) அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அக்ரிஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அக்ரிஸின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது: ஒவ்வொரு நாடும் தன் ஆய்வுகளைத் தானே பதிந்து அனுப்பவேண்டும், பதிலுக்கு எல்லா நாட்டுப் பதிவுகளும் கிடைக்கும். நம்மூர் மொய் எழுதுவது மாதிரி.

ஆனால் இவை எல்லாம் ‘இப்படி ஒரு கட்டுரை இருக்கிறது’ என்று சொல்பவை. கட்டுரையைக் கையில் கொடுப்பவை அல்ல. அதற்கு 1999ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மான் நூலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. முக்கியமான வேளாண் இதழ்களைக் குறுந்தகடுகளில் பதிந்து பெட்டியோடு அனுப்பினார்கள். டீல் என்று பெயர். இணையமே தேவையில்லை. 2003ல் எஃப்.ஏ.ஓ. அகோரா என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் வேளாண் இதழ்கள் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பதிப்பகங்களுக்கு இந்தியா ஏற்கெனவே சந்தா விற்கும் சந்தை. இலவசம் பெறும் அளவுக்கு நாம் ஏழை இல்லை, வாங்கிப் படிக்கும் அளவுக்கு நம் வேளாண் கல்லூரிகள் பணக்காரக் கல்லூரிகளும் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டினார்கள்.

2007 நவம்பரில் செரா வந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) நிறுவனங்களும் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே கூட்டமைப்பாக மின்னிதழ் சந்தா வாங்கும் ஏற்பாடு இது. உலக வங்கி உதவியுடன் நடந்த தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின் ஒரு பகுதி. டெல்லி புசா வளாகத்திலிருந்து இயங்கியது. தன்னிடம் இல்லாத கட்டுரையை, அது இருக்கும் இன்னொரு உறுப்பு நூலகத்திடம் கேட்டு வாங்கும் வசதியும் அதில் உண்டு. யாரோ ஒரு நூலகர் அலமாரியிலிருந்து இதழை எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்புவார். அவருக்கு நாம் யாரென்று தெரியாது. நான் படித்தவரையில் செராவின் மிக மனிதத்தன்மையான பகுதி இதுதான்.

ஆக, கதவு திறந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் உள்ளே பாயவில்லை. நாடெங்கும் நூலக அறிவியல் துறைகளில் ‘வேளாண் விஞ்ஞானிகள் இணையத் தரவுத்தளங்களைப் பயன்படுத்துவதைப் பாதிக்கும் காரணிகள்’ என்ற மாதிரித் தலைப்புகளில் ஆய்வேடுகள் வரத் தொடங்கின.

விவசாயியிடம் கேட்ட கேள்வி

இந்த ஆய்வேடுகளின் வேரைத் தேடினால் ஒரு வேடிக்கை தெரியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலப்பின மக்காச்சோள விதையை 259 விவசாயிகள் எப்போது, யார் சொல்லி ஏற்றார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார்கள். 1928க்கும் 1941க்கும் இடையில் இரண்டே பேர் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். புதிய விதை இருக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் விற்பனையாளர் வழியாக வந்தது, நம்பிக்கை பக்கத்து வயல்காரர் வழியாக வந்தது. அதே அயோவாவில் வளர்ந்த எவரெட் ராஜர்ஸ் 1962ல் இதையெல்லாம் சேர்த்துப் ‘புதுமைகளின் பரவல்’ கோட்பாட்டை எழுதினார். அவர் அப்பாவே கலப்பின விதையை மறுத்தவர். 1936 வறட்சியில் தன் சோளம் சாய்ந்து, பக்கத்து வயலில் கலப்பினம் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் மாறினார்.

பின்னர் 1989ல் ஃபிரெட் டேவிஸ் இதே வகைக் கேள்வியைக் கணினிக்குக் கொண்டுவந்தார். ஒருவர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவாரா என்பதை இரண்டு விஷயங்கள் பெரிதும் தீர்மானிக்கும் என்றார்: பயன் உண்டு என்று அவர் நினைக்கிறாரா, எளிது என்று நினைக்கிறாரா. நம் ஆய்வேடுகளின் கேள்வித்தாள்களில் இந்த இரண்டையும்தான் சுற்றிச்சுற்றிக் கேட்பார்கள். கூடவே வயது, பதவி, பயிற்சி, இணைய வேகம், நூலகரின் உதவி.

அதாவது, ‘விவசாயி ஏன் நம் புதிய விதையை ஏற்கவில்லை?’ என்று ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த துறையிடமே திருப்பி, ‘நீங்கள் ஏன் ஏற்கவில்லை?’ என்று கேட்கிறார்கள். நண்பனிடம் இதைச் சொன்னேன். “நாங்க விவசாயிய லாகார்டுன்னு எழுதினோம்ல, அதுக்குத் தண்டனைடா இது” என்றான். லாகார்டு என்றால் பின்தங்கி வருபவர். ராஜர்ஸின் ஐந்து பிரிவுகளில் கடைசி.

எனக்கு இந்த ஆய்வுகளின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவை வாசகனை அளக்கின்றன. கருவியை அவ்வளவாக அளப்பதில்லை. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கருவியின் மேல்தான் முதல் சந்தேகம் வரும்.

வாசலைக் கேட்கும் சர்வர்

சந்தா வாங்கிய நிறுவனத்தை ஒரு பதிப்பகத்தின் சர்வர் எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் ஐபி முகவரியை வைத்து. நிறுவனத்திலிருந்து வெளியே போகும் இணைய இணைப்புக்கு நிலையான எண் ஒன்று இருக்கும். அந்த எண்களைப் பதிப்பகத்திடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், உள்ளேயிருந்து யார் கேட்டாலும் கட்டுரை வரும். கடவுச்சொல் தேவையில்லை. சர்வர் ஆளைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறது.

நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் வேளாண் விஞ்ஞானி எங்கே இருப்பார்? காலையில் வயலில், மதியம் கிளை நிலையத்தில், சாயங்காலம் பேருந்தில். படிக்க உட்காருவது பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு, வீட்டில். அந்த நேரத்தில் அவருடைய கைபேசி இணைப்பு ஊர்ப்பட்ட எண்களில் ஒன்று. சர்வர் முப்பது நாற்பது டாலர் கேட்கும். இணைப்பு தரும் நிறுவனத்தை மாற்றியதால் வளாகத்தின் எண் மாறி, அதைப் பதிப்பகத்திடம் யாரும் சொல்லாமல் விட்டால், வளாகத்துக்குள்ளேயே கதவு மூடிவிடும். சந்தா இருக்கும், கட்டுரை வராது. ஏன் வரவில்லை என்று திரையில் எழுதியிருக்காது. நண்பனுக்கு நடந்தது இதுதான். மூன்று முறை முயன்றான், நான்காம் முறை எனக்கு அனுப்பினான். வெளியிலிருந்து நுழைய லாகின் முறைகள் பின்னால் வந்தன. ஆனால் ஒருமுறை ‘இது வேலை செய்யாது’ என்று மனதில் பதிந்துவிட்டால், சரியான பின்பும் ஆள் திரும்பிப் போவதில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது.

இதற்கு வெளியே இன்னொரு வாசல் இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். 2011ல் கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் தொடங்கிய சை-ஹப். அதன் மேல் மூன்று பெரிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. சட்டப்படி அது சரியா தவறா என்பது வேறு விவாதம். என் கவனம் வேறொன்றில்: சந்தா உள்ளவர்களும் அங்கே போனார்கள். ஏனென்றால் அது ஒரே பெட்டி, ஒரே சொடுக்கு. டேவிஸின் இரண்டாவது காரணி.

குலைநோய்க்கு எத்தனை பெயர்

கதவு ஒரு பிரச்சினை. உள்ளே போனபின் தேடுவது இன்னொன்று. நெல்லின் குலைநோயை எடுத்துக்கொள்ளலாம். அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு 1892ல் வைத்த பெயர் பைரிகுலேரியா ஒரைசே. பிறகு அதன் பாலினப் பருவத்தை வைத்து மேக்னபோர்தே கிரைசியா என்றார்கள். 2002ல் நெல்லைத் தாக்குவது தனி இனம் என்று பிரித்து மேக்னபோர்தே ஒரைசே ஆக்கினார்கள். இப்போது பலர் பழைய பைரிகுலேரியாவுக்கே திரும்புகிறார்கள். ஒரே நோய்தான், ஆனால் எந்தப் பெயரைத் தட்டுகிறோமோ அந்தக் காலத்துக் கட்டுரைகள்தான் முன்னால் வரும். எஃப்.ஏ.ஓ. 1980களின் தொடக்கத்திலிருந்து அக்ரோவாக் என்ற சொற்களஞ்சியத்தை வளர்ப்பது இதற்காகத்தான், பல பெயர்களை ஒரே பொருளோடு கட்டிப்போட. ஆனால் கூகுள் பழகிய கை, பெட்டியில் சொல்லைத் தட்டிவிட்டு முதல் பக்கத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவது பிரச்சினை, நம் மண்ணைப் பற்றிய எழுத்து அங்கே குறைவு. டெல்டாவின் களிமண்ணைப் பற்றியும் கடைமடையின் உவரைப் பற்றியும் எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இதழ்களில் எழுதினார்கள், அல்லது ஆய்வேடாக எழுதி அலமாரியில் வைத்தார்கள். உலகத் தரவுத்தளம் தேடுபவனை அயோவாவுக்கும் சீனாவுக்கும் எளிதாகக் கூட்டிப்போகும், ஆடுதுறைக்குக் கூட்டிப்போகாது. வேளாண் ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து வைக்கும் கிருஷிகோஷ் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. ஐ.சி.ஏ.ஆர். 2013ல் திறந்த அணுக்கக் கொள்கையையும் அறிவித்தது. ஆனால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கூடிய இதழில் எழுதவேண்டும் என்ற விதி இருக்கும்வரை, நல்ல கட்டுரை உள்ளூர் இதழுக்கு வருவதும் குறைவுதான்.

இங்கே ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ல் அவர் வகுத்த ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகப் படிப்பில் முதல் பாடம். அவற்றில் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது: அதை வீணாக்காமல் காப்பது நூலகத்தின் கடமை. அதே 1931ல் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வாசகர் வாசலுக்கு வராவிட்டால் நூல் வாசகரிடம் போகவேண்டும் என்பது இந்த டெல்டாவில் 90 வருடத்துக்கு முன்பே வண்டி கட்டிச் செய்து காட்டிய விஷயம். ஐபி முகவரி அதைத் தலைகீழாக்கிவிட்டது.

1953

நண்பன் கேட்ட கட்டுரைக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகான மண் உப்பைப் பற்றியது அது. நான் அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு நாளில் பி.டி.எஃப். வந்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் கேட்டால் தருவார்கள். சும்மா கடைசிப் பக்கங்களைப் புரட்டியபோது மேற்கோள்களில் ஒரு பழைய ஆண்டு கண்ணில் பட்டது. 1953.

அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி நெதர்லாந்தின் தென்மேற்குப் பகுதியை மூழ்கடித்தது. 1,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெருமளவு விளைநிலம் உப்பு நீரில் நின்றது. அந்நாட்டின் வேளாண் அறிவியல் இதழ் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அதன் முதல் தொகுதியிலேயே உப்பு நீர் மூழ்கிய நிலத்தை மீட்பது பற்றிய கட்டுரை இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு இரண்டாம் உலகப் போரில் வால்கெரன் தீவு மூழ்கிய அனுபவமும் இருந்தது. அவர்கள் கண்டது சுருக்கமாக இது: உப்பை மழை கழுவிவிடும், அதற்கு வடிகால் வேண்டும், பொறுமை வேண்டும். ஆபத்து அதற்குப் பிறகுதான். உப்பு போனபின் களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்துவிடும். அதற்குத்தான் ஜிப்சம். அந்தக் காலத்தில் ஈர மண்ணை உழக்கூடாது. நம் ஊரில் உவர் என்றும் களர் என்றும் இரண்டு தனிச்சொற்கள் வைத்திருப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். உவருக்குத் தண்ணீர், களருக்கு ஜிப்சம்.

அந்தப் பழைய கட்டுரை பூட்டியிருக்கவில்லை. இலவசமாகவே இணையத்தில் இருந்தது. நண்பனின் தேடலில் அது வராததற்குக் காரணம், அவன் தட்டியது ‘சுனாமி’. 1953ல் எழுதியவருக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை, அவர் ‘வெள்ளம்’ என்று எழுதியிருந்தார்.

அவனுக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. இரவு கூப்பிட்டான். “2005ல ஐப்பசி கார்த்திகைல என்னா மழைடா அது! அந்த மழைலயே பல எடத்துல உப்பு இறங்கிருச்சு. எங்கப்பாகிட்ட யாராச்சும், வடிகாலத் தோண்டிவிட்டுட்டு ஒரு மழைக்காலம் பொறுங்க, ஈரத்துல ஏர் பூட்டாதீங்கன்னு சொல்லியிருந்தா…” அதற்கு மேல் பேசவில்லை.

யாரும் சொல்லவே இல்லை என்றும் எழுத முடியாது. எஃப்.ஏ.ஓ. 2005லேயே இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்காக, விளைநிலத்தில் கடல்நீர் ஏறினால் தெரிந்திருக்கவேண்டிய இருபது விஷயங்கள் என்று எளிய கையேடு ஒன்றை வெளியிட்டது. காரைக்காலிலேயே 1987 முதல் ஒரு வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் மண் எடுத்துச் சோதித்தவர்கள் பலர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் தகவல் இருப்பதற்கும் ஐந்து மா நிலக்காரரின் காதில் விழுவதற்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். அவர் படித்திருக்கவேண்டும், நேரத்தில் படித்திருக்கவேண்டும்.

இந்த டெல்டாவில் அப்படி நடந்ததும் உண்டு. 1960களில், ஜப்பானிய நெல்லோடு நம் நெல்லைக் கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 தஞ்சைப் பகுதியில் வேகமாகப் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடலோரத்திலும் ஒரு உதாரணம் உண்டு. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அதே மாதிரி ஒலிபெருக்கியில் சொல்லி ஊரே வெளியேறியது. எங்கள் ஊரில் அன்று அப்படி ஒரு குரல் கேட்கவில்லை.

2007ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கியது. அது காரைக்கால் வயல்களுக்கானது. தாளில் 7 இருந்தாலும், அந்தத் தண்ணீர் மேட்டூரிலிருந்து எத்தனை மதகு தாண்டி எங்களிடம் வருகிறது என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத்தான் தெரியும். மின்னிதழ் விஷயத்திலும் இப்போது பெரிய ஒதுக்கீடு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இது உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்குமான திட்டம். வரப்பில் நின்று ‘ஜிப்சம் போடுங்க, போடாதீங்க’ என்று சொல்லும் உதவி வேளாண் அலுவலருக்கான வாசல் அதில் இல்லை. 1953 கட்டுரையை ‘சுனாமி’ என்று தட்டியவனிடம் கொண்டுசேர்க்கும் வேலையும் சந்தாவால் ஆகாது. அது நூலகரின் வேலை, சொற்களஞ்சியத்தின் வேலை, கொஞ்சம் எங்களைப் போன்ற மென்பொருள்காரர்களின் வேலை.

இறால் குட்டைக் குத்தகை முடிந்துவிட்டது. போன வருடம் ஊருக்குப் போனபோது நண்பன் நிலத்துக்குக் கூட்டிப்போனான். குட்டைக் கரையைத் தட்டி நிரவியிருந்தார்கள். சுற்றி வடிகால் வெட்டி, ஒரு மூலையில் தக்கைப்பூண்டு நின்றது. நெல் எப்போது என்று கேட்டேன். “அவசரப்படாத” என்றான். அவன் அப்பா வரப்பில் குந்தியிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஒன்று காட்டினான். அந்த டச்சுக் கட்டுரையின் சாரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, மூலத்தின் சுட்டியையும் போட்டுத் தன் துறை வாட்ஸப் குழுவில் வைத்திருக்கிறான். கீழே ஒரு இளைய ஆய்வாளர் கேட்டிருந்தார்: “சார், 1953 பேப்பரா? ரொம்பப் பழசாச்சே?”

நண்பன் பதில் போட்டிருந்தான்: “உப்பு மாறல தம்பி.”